வெல்ல முடிச்சு

ஆலை ஓட ஆரம்பித்துவிட்டால் கெம்பராஜு வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட வரக்கூடாது. வெட்டிய கரும்பு இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காது, பிழிந்த சாறு இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்காது, வீட்டு மனிதர்கள்தான் காத்திருக்க வேண்டும். சங்கராந்திக்குப் பத்து நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் கொப்பரை கொதித்து நுரை கட்டும் நேரத்தில், மூன்றரை வயது மகள் சிஞ்சனா சாக்குப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தாள். இடது கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கியதுபோல் வீங்கியிருந்தது.

அவள் அழவில்லை. அழுது ஊரைக் கூட்டியிருந்தால் அம்மா நேத்ராவதிக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கொப்பரையில் அழுக்கு நுரையை அள்ளிக்கொண்டிருந்தவள் அகப்பையைப் புருஷன் கையில் திணித்தாள். அடுப்புக்குச் சக்கை தள்ளிக்கொண்டிருந்த ஆளிடம் எரிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்கு ஓடினாள்.

பேவினகெரெ பால் சொசைட்டிக்குப் பக்கத்து அறையில்தான் பல் டாக்டர். எங்கோ ஒரு கல்லூரி அந்த அறையை வாடகைக்கு எடுத்து, செவ்வாயும் வெள்ளியும் படிப்பு முடித்த கையோடு ஒரு பிள்ளையை அனுப்பி வைத்தது. இந்த வருஷம் வந்திருந்தவள் ஸ்பூர்த்தி ஹிரேமட். தார்வாட் பக்கத்துப் பெண், பேச்சுக்குப் பேச்சு மரியாதைக்கு ஒரு ‘ரீ’ போடுவாள். மண்டியச் சீமையில் அப்படிப் பேச யாருக்கும் வராது. பால் ஊற்ற வரும் பெண்கள் ஊற்றின பாலுக்குச் சீட்டு வாங்கும்போது, ‘சீட்டு குடுங்க ரீ’ என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

நேத்ராவதி மட்டும் அந்தப் பெண்ணைக் கேலி செய்ததில்லை. ஜூன் மாதம் அங்கன்வாடியில் கூட்டம் போட்டு, சொத்தைப் பல் படத்தைத் தூக்கிக் காட்டி, “சக்கரை வேண்டாம் ரீ, சாக்லேட், பிஸ்கட், கிரீம் பன்னு ஒண்ணும் வேண்டாம் ரீ” என்று அந்தப் பெண் சொன்னபோது, மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நேத்ராவதி வீட்டுக்குப் போனதும் சர்க்கரை டப்பாவை எடுத்து ஓர்ப்படி சௌபாக்யாவிடம் கொடுத்துவிட்டாள். பெங்களூரிலிருந்து வந்த மச்சினன் கொண்டுவந்த சாக்லேட் பெட்டியை, அவன் பஸ் ஏறும்போது அவன் பையிலேயே திரும்பத் திணித்தாள். மச்சினன் முகம் சுண்டிப்போனது. ‘நேத்ராவதி வீட்டு எறும்பெல்லாம் பட்டினி’ என்று சௌபாக்யா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நேத்ராவதி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஊரில் ஒரு டாக்டர் பேச்சை முழுசாகக் கேட்டு நடந்த ஒரே ஆள் தான்தான் என்ற பெருமை அவளுக்கு இருந்தது.

அதனால்தான் அன்றைக்கு அந்த அறையில் நடந்தது அவளுக்கு ஆறவில்லை.

வாசலில் பால் கேனோடு பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அறைக் கதவு திறந்தே கிடந்தது. டாக்டர் சின்ன விளக்கைப் பிடித்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் கடுத்தது.

“ஜூன்ல நான் சொன்னது ஞாபகம் இருக்கா ரீ?”

“இருக்கு மேடம். அன்னையிலேர்ந்து இவ வாயில சக்கரை பட்டதில்ல.”

“சாக்லேட்?”

“இல்ல மேடம்.”

“பிஸ்கட்? பாட்டில் ஜூஸ்?”

“எதுவும் இல்ல மேடம். பாலுக்குக்கூடச் சக்கரை கிடையாது.”

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அப்போ மேல நாலு பல்லு கட்டையாத் தேஞ்சிருக்கே, கீழ கடவாய்ப்பல்லு ஓட்டையாகி சீழ் வச்சிருக்கே, இதெல்லாம் காத்துலயா வந்துச்சு? என்கிட்டப் பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல ரீ. வலிக்கறது உங்க பொண்ணுக்கு.”

வரிசையில் பேச்சு நின்றுபோனது. டாக்டர் சீட்டில் மருந்து எழுதிக்கொண்டே, “அஞ்சு நாள் இந்த மருந்து. வெள்ளிக்கிழமை வந்து காட்டுங்க. வீக்கம் வத்தினதும் அடுத்த செவ்வாய் பல்லை எடுக்கணும். விட்டா அது கழுத்துக்கு இறங்கும், அப்புறம் என் கையில இல்ல” என்றாள். நேத்ராவதி சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையைத் தலை நிமிர்த்திப் பார்க்காமல் நடந்தாள். சௌபாக்யா அந்த வரிசையில்தான் நின்றாள். பின்னாலிருந்து, “சாக்லேட்டைப் பெட்டியோட திருப்பிக் கொடுத்தவ வீட்டுலயா இப்படி?” என்று அவள் யாரிடமோ கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

மருந்து வேலை செய்தது. வியாழக்கிழமை வீக்கம் பாதியாக வற்றியது. வெள்ளிக்கிழமை நேத்ராவதி டாக்டரிடம் போகவில்லை.

“போகலையா?” என்று கெம்பராஜு சாப்பாட்டின்போது கேட்டான். அவரைக்கொட்டைக் குழம்பில் ராகிக் களி உருண்டையான முத்தையைப் பிட்டு முக்கி விழுங்கிக்கொண்டிருந்தான்.

“போகல. இனிமேயும் போகமாட்டேன்.”

“அதுவும் சரிதான். விழப்போற பல்லு. அதைப் புடுங்கறதுக்கு ஒரு டாக்டரு. நம்ம சீமையில முத்தையை எவன் மென்னு தின்னான்? முழுங்கறதுக்குப் பல்லு எதுக்குடி?”

“விளையாடாதீங்க. பிள்ளை நாலு நாளா முத்தையும் முழுங்கல.”

“அப்ப கூட்டிட்டுப் போயேன்.”

“என்னைப் பொய் சொல்றேன்னு சொன்னா. ஊர் மொத்தம் நின்னு கேட்டுச்சு.”

“சின்னப் பொண்ணு, ஏதோ வாய் தவறி…”

“போன வருஷம் ஒரு வியாபாரி உங்க வெல்லத்தைப் பாத்து, மருந்து போட்டு வெளுத்திருக்குன்னு சொன்னான். நீங்க என்ன பண்ணீங்க?”

கெம்பராஜு குனிந்து இன்னொரு துண்டைப் பிட்டான். அவன் அன்றைக்கு அந்த ஆளின் தராசைத் தூக்கிக் கரும்புத் தோட்டத்தில் எறிந்திருந்தான்.

சிஞ்சனா ஒரு பக்கமாகவே கஞ்சி குடித்தாள், அதையும் பாதியில் நிறுத்தினாள். வலிக்கிற பிள்ளைக்கு வேறென்ன கொடுத்துச் சமாதானம் செய்ய? நேத்ராவதி வெல்ல முடிச்சைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டினாள். பழைய வேட்டித் துணியைச் சதுரமாகக் கிழித்து, கொட்டைப்பாக்கு அளவு வெல்லத்தை நடுவில் வைத்து, நூலால் இறுக்கி, வெந்நீரில் முக்கி வாயில் கொடுப்பது. ஆலைக்காரப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். கொதிக்கிற கொப்பரையைச் சுற்றி ஓடும் பிள்ளையைவிட, வாயில் முடிச்சோடு சாக்கில் தூங்கும் பிள்ளை எவ்வளவோ மேல். மூன்று வருஷத்துக்கு முன் மேலத்தெரு ஆலையில் ஒரு பிள்ளைக்கு நடந்ததை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, ஆனால் மறந்தவர்களும் இல்லை. சிஞ்சனா முடிச்சை வலக்கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளர் பத்மக்காவின் ஸ்கூட்டர் ஆலை வாசலில் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியது பல் டாக்டர்.

“நேத்து வரலையேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. லீவு நாள்ல என்னையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க” என்றாள் பத்மக்கா, பாதி புகாராக.

நேத்ராவதி தலையைத் தூக்கவில்லை. அச்சுப் பலகையில் பாகை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆலைக்கு வந்தவர்களை, பகையாளியாகவே இருந்தாலும், வாய் நனைக்காமல் அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. கெம்பராஜு ஒரு கரும்புத் துண்டைச் சீவி, கொப்பரையிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாகில் முக்கிச் சுழற்றி, ஊதி ஆறவைத்து டாக்டரிடம் நீட்டினான். அந்தப் பெண் சக்கைக் குவியலில் கால் வழுக்கி, பத்மக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் கடித்தாள்.

“அய்யோ, எங்க ஊரு வெல்லம் இதுக்குக் கிட்டயே வராது ரீ.”

கெம்பராஜு அந்த நிமிஷமே அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். “வெண்டைத் தண்டு போட்டு அழுக்கெடுத்தது மேடம். வேற ஒரு பொட்டு மருந்து கிடையாது” என்று ஆரம்பித்தவனை நேத்ராவதி ஒரு பார்வையில் நிறுத்தினாள்.

அப்போது சிஞ்சனா மூலையிலிருந்து முனகினாள். நேத்ராவதி வேலையை நிறுத்தாமலே, பலகை ஓரத்தில் உறைந்திருந்த வெல்லத்தைக் கிள்ளி, மடியிலிருந்து துணியை எடுத்து, மூன்று சுற்றில் முடிச்சுப் போட்டு, தண்ணீரில் முக்கிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை அது.

டாக்டரின் கையில் கரும்புத் துண்டு பாதி வழியில் நின்றது.

“அது என்ன ரீ?”

“முடிச்சு.”

“உள்ள என்ன?”

“வேறென்ன? நம்ம வெல்லம்.”

“எப்பலேர்ந்து கொடுக்கறீங்க?”

“நீங்க சக்கரை வேண்டாம்னு சொன்ன நாள்லேர்ந்துதான்.” நேத்ராவதி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “அதுக்கு முன்னாடி சக்கரை போட்ட பால்ல பன்னு முக்கிக் கொடுப்பேன், தின்னுட்டுத் தூங்குவா. நீங்க சொன்னதும் சக்கரையும் பன்னும் நிறுத்திட்டேன். அது கடைச் சரக்கு, என்னென்ன கலந்திருக்கோ. இது என் புருஷன் காய்ச்சுனது, என் கையால அச்சுல ஊத்துனது.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“தூங்கறப்ப, அழறப்ப, நாங்க கொப்பரை இறக்கறப்ப. இப்ப வலின்னு கொஞ்சம் கூடவே. விடியற வரைக்கும் வாயில இருக்கும்.”

டாக்டர் அங்கே கிடந்த வெறும் சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பத்மக்கா நினைத்தாள். நேத்ராவதியும் திட்டுக்குத் தயாராகத்தான் இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது.

“நீங்க பொய் சொல்லல ரீ.”

கையிலிருந்த கரும்புத் துண்டை அவள் கீழே வைத்தாள்.

“நான் சாக்லேட்டா, பிஸ்கட்டா, ஜூஸான்னு என் லிஸ்ட்ட வச்சு கேட்டேன். தூங்கறப்ப வாயில என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. இந்த ஊருக்கு ஏழு மாசமா வர்றேன், சுத்தி அத்தனை ஆலை ஓடுது, வெல்லத்தைப் பத்தி ஒரு தடவை வாயைத் திறக்கல. நீங்க நான் சொன்னபடியே செஞ்சிருக்கீங்க. எனக்குத்தான் சொல்லவும் தெரியல, கேக்கவும் தெரியல.”

ஐந்து நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நேத்ராவதி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இருந்தும் அவள் இளகிவிடவில்லை.

“அங்க வரிசையில அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப சக்கைக் குவியல் முன்னாடி சொல்றீங்க. இது யாருக்குக் கேக்கும்?”

“அடியே, டாக்டரம்மாவைப் போயி…” என்று பத்மக்கா பதறினாள்.

“இல்லக்கா, அவங்க கேக்கறது சரி” என்றாள் டாக்டர். “செவ்வாய்க்கிழமை அங்கயே சொல்றேன் ரீ. நீங்க பிள்ளையைக் கூட்டிட்டு வரணும், அவ்வளவுதான்.”

கெம்பராஜு அதுவரை அகப்பையைப் பிடித்தபடி நின்றிருந்தான். “ஒரு நிமிஷம் மேடம். எனக்குப் புரியல. என் வெல்லத்துலயா என் பொண்ணு பல்லு போச்சு?”

அவன் குரலில் இருந்தது கோபமா வேறேதுமா என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் அவன் பக்கம் திரும்பினாள். “வெல்லம் நல்ல வெல்லம்தான் அண்ணா. சாப்பாட்டோட தின்னா பரவாயில்ல. ஆனா அது நாள் முழுக்க, தூங்கறப்பல்லாம் வாயில தங்கிச்சுன்னா, கிருமி அதைத் தின்னு அமிலமா மாத்தி…” அதோடு அவளுக்கு வார்த்தை தட்டியது. படித்த பாடம் வேறு பாஷையில் இருந்திருக்க வேண்டும்.

நேத்ராவதி சாறு விழும் தொட்டியைப் பார்த்தாள். கரும்பு பிழியும் எந்திரத்துக்கு அடியில் இருந்தது அது. “தொட்டியைக் கழுவாம விட்டா சாறு புளிக்குமே, அந்த மாதிரியா மேடம்?”

“புளிக்குமா ரீ? புளிச்சா என்ன ஆகும்?”

டாக்டருக்கு நிஜமாகவே தெரியாது. அந்தக் கேள்வி கெம்பராஜுவுக்குப் பிடித்திருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டிக்கு அடியில் காட்டினான். ஒழுகிய சாறு தேங்கும் இடத்தில் சிமெண்ட் தரை அரித்து, குழி குழியாக, சரளைக் கல் தெரியக் கிடந்தது.

“போட்டு நாலு வருஷம்கூட ஆகல. நல்ல கான்கிரீட்டு. ஒழுகற சாறு இங்க நின்னு புளிச்சுப் புளிச்சு இப்படி ஆக்கிடுச்சு. அதனாலதான் தொட்டியை ஒவ்வொரு நடைக்கும் கழுவி சுண்ணாம்புத் தண்ணி…”

பேச்சை முடிக்காமல் அவன் திரும்பி, சாக்கில் கிடந்த மகளைப் பார்த்தான். நேத்ராவதியும் பார்த்தாள். பிள்ளையின் கன்னத்தில் முடிச்சு மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

தினம் மூன்று தடவை தொட்டியைக் கழுவுகிறவள் நேத்ராவதிதான்.

டாக்டர் இரண்டு அச்சுப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்து, எதிரில் நேத்ராவதியை உட்காரச் சொன்னாள். “முட்டியோட முட்டி ஒட்டிக்கணும் ரீ. பிள்ளை உங்களைப் பாத்துக்கிட்டே என் மடியில தலை வச்சுப் படுக்கட்டும். அம்மா முகம் தெரிஞ்சா பயப்படமாட்டா.” இருவர் முழங்காலும் இடித்துக்கொண்டன. சிஞ்சனா இருவர் மடியிலும் நீளமாகக் கிடந்தாள். டாக்டர் பிள்ளையின் மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கி, “இப்படித்தான் தினமும் ஒரு தடவை தூக்கிப் பாக்கணும். நீங்களே பாருங்க” என்றாள். வெயில் நேராக விழுந்தது. பழுப்புக் கட்டைகள் நான்கு. இத்தனை மாதம் அந்த வாயில் வெல்லம் வைத்தவள் ஒரு நாளும் அந்த உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை. குனிந்தபோது நேத்ராவதிக்கு இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க ஏன் மேடம் நடுங்கறீங்க?”

“இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நான் தனியாப் பல்லு எடுத்ததில்ல ரீ” என்றாள் டாக்டர் தாழ்ந்த குரலில். “செவ்வாய்க்கிழமை எங்க சாரையும் வரச் சொல்லியிருக்கேன். பயப்படாதீங்க.”

“நான் பயப்படல. நீங்கதான்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“எப்படியும் விழப்போற பல்லுதானே மேடம்?” என்று கெம்பராஜு கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

“அதுக்கு அடியிலேயே புதுப் பல்லு உக்காந்திருக்கு அண்ணா. மேல சீழ் நின்னா…”

“சரி, விடுங்க. கரும்புக்கும் அப்படித்தான், அடிக்கட்டை அழுகினா மறுதாம்பு துளிர்க்காது. எத்தனை மணிக்கு வரணும்?”

செவ்வாய்க்கிழமை அவர்கள் போனபோது பால் வரிசை நீளமாக இருந்தது. டாக்டர் வாசலுக்கு வந்தாள். கல்லூரியிலிருந்து வந்த பெரிய டாக்டர் உள்ளே சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படியாகத்தான் அவள் பேசினாள்.

“போன வாரம் இந்த அக்காவை நான் பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. அவங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான் சக்கரைன்னு மட்டும் சொல்லி, வெல்லத்தைச் சொல்லாம விட்டேன். தப்பு என்னுது ரீ.”

வரிசையிலிருந்த சௌபாக்யா கேனைக் கீழே வைத்தாள். “அப்ப வெல்லமும் ஆகாதா?”

“தூங்கறப்ப வாயில வைக்கக் கூடாது ரீ. சரி, உங்க வீட்டுல பிள்ளை என்னத்தோட தூங்குது?”

சௌபாக்யா திருதிருவென விழித்தாள். “எங்க வீட்டுல… தேன்ல முக்கின சூப்பான்.” பின்னாலிருந்து ஒருத்தி, “எங்க வீட்டுல சக்கரைத் தண்ணி பாட்டில்” என்றாள். இன்னொருத்தி தன் வீட்டிலும் முடிச்சுதான் என்றாள். ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் புகுந்து பேசினார்கள். பால் அளக்கிறவன், “பாலு திரியுது, சீக்கிரம் வாங்கம்மா” என்று கத்த வேண்டியிருந்தது. நேத்ராவதி அந்த வரிசையின் நடுவே, இந்தத் தடவை தலை நிமிர்ந்து, உள்ளே போனாள்.

ஊசிக்குச் சிஞ்சனா ஆலைச் சங்குபோல் அலறினாள். அதற்குப் பிறகு பல் கழன்று வந்தது அவளுக்கே தெரியவில்லை. பெரிய டாக்டர் பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. மற்றப் பற்களில் மருந்து தடவி, அடுத்து எப்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

“முடிச்சை நிறுத்தினா கொப்பரைக்கிட்ட ஓடுவாளே, என்ன செய்வீங்க ரீ?” என்று வாசல்வரை வந்து டாக்டர் கேட்டாள். அவளிடம் அதற்கு விடை இல்லை, கேள்வி மட்டும் இருந்தது.

“அவங்கப்பா அடுப்பைச் சுத்தி மூங்கில் தட்டி கட்டிக்கிட்டிருக்காரு. துணியை வெறும் தண்ணியில நனைச்சுக் கொடுத்துப் பாக்கறேன். நாலு நாள் அழுவா. அழட்டும்.”

மூன்று நாள் அழுதாள். ஆலைச் சத்தத்தை மீறி அழுதாள். சக்கை தள்ளும் ஆள், “ஒரே ஒரு கிள்ளு கொடுத்துடுங்கக்கா, காது போகுது” என்று கெஞ்சினான். நேத்ராவதி பல்லைக் கடித்துக்கொண்டு அச்சில் பாகு ஊற்றினாள். கை இரண்டு தடவை பலகை ஓரத்து வெல்லத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

நான்காம் நாள் மத்தியானம், வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டுச் சிஞ்சனா சாக்கில் படுத்தாள். நேத்ராவதி தண்ணீரில் நனைத்த வெறும் முடிச்சைக் கொடுத்தாள். பிள்ளை அதை வாயில் வைத்து இரண்டு உறிஞ்சு உறிஞ்சியது. வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அப்பன் பாகு உருட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தது.

“அம்மா, இதுக்கு இன்னும் பதம் வரல.”

கொப்பரைப் பக்கமிருந்து கெம்பராஜு சத்தமாகச் சிரித்தான். நேத்ராவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “வரும்டி. நீ தூங்கு.”

கொஞ்ச நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. முடிச்சு கைப்பிடிக்குள் இருந்தது. நேத்ராவதி பாகு ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். விரலால் மகளின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். வாயில் ஒன்றும் இல்லை.